வணிகர் வளர்த்த காவியம்

சீறாப்புராணம் என்றால் பெருமை கொள்ளாத நம்மவர் இல்லை; ஆனால் அதனை விரித்துப் படிப்போர் மிகச் சிலரே. பரீட்சைக்காக நெட்டுருப் போட்டதோடு விட்டவர்களும், கடைக்காரனுக்குக் காவியம் எதற்கு என்று ஒதுங்கியவர்களும் நம்மிடையே உண்டு. அதனைப் பாடிய உமறுப் புலவரின் வாழ்வை அறிந்தால் இவ்வெண்ணம் மாறும்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறு, வாசனைத் திரவிய வணிகர் ஒருவரின் மகனார். எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று, பின்னர் தாமும் அவ்வவையில் புலவரானார்.

நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பாடும்படி அவரை வேண்டியவர் வள்ளல் சீதக்காதி. அவரும் கீழக்கரையின் பெருவணிகரே. விவரம் கேட்டு வந்த புலவரின் ஆடம்பர உடையைக் கண்டு சதக்கத்துல்லா அப்பா அவர்கள் முதலில் மறுத்தார்கள் என்றும், புலவர் மனமுருகி முதுமொழிமாலை பாடிய பின்னரே இசைந்தார்கள் என்றும் சொல்வது வழக்கு. காவியம் முடியுமுன் சீதக்காதி மறைந்தார். பறங்கிப்பேட்டைச் செல்வர் அபுல் காசிம் மரைக்காயர் தொடர்ந்து ஆதரித்தார். மூன்று காண்டங்களில் 5,027 பாடல்கள் அமைந்தன. எனினும், நாயகத்தின் வாழ்வு முழுமையும் பாடப்படாமலே நூல் நின்றது. அது அச்சேறியது 1842இல்.

இத்தகைய நூலில் நமக்கு என்ன இன்பம்? அரபு நாட்டைப் பாடவந்த புலவர், மழையையும் ஆற்றையும் நெல்வயலையும் காட்டுகிறார். மூடா ஆற்றையும் கெடாவின் வயல்களையும் நாளும் காணும் திகாம் பத்து வாசிகளுக்கு அவை அந்நியமாகா. நாயகம் அவர்கள் சரக்கோடு ஷாம் தேசம் சென்ற பயணமும் அதில் உண்டு. வேடனிடம் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பாலூட்டிவர விடை கேட்க, நாயகம் அவர்களே அதற்குப் பிணை நிற்கிறார்கள். மானும் சொன்னபடி திரும்பி வருகிறது. வாக்கை நம்பிக் கடன் கொடுத்து வாங்கும் நமக்கு இக்கதையின் சுவையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பொருள் விளங்காதே என்று அஞ்ச வேண்டாம். செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் உரை எழுதி வைத்துள்ளனர். கடையடைத்த பின் நாளுக்கு நான்கு பாடல், வீட்டார் கேட்க வாய்விட்டுப் படிப்போம். பரீட்சையும் இல்லை, பரிசும் இல்லை. சுவை ஒன்றே ஆதாயம். வணிகர் பொருள் தந்து வளர்த்த காவியம், வணிகர் வீட்டிலேயே தூசி படியலாகாது. அல்லாஹ் அருள்புரிவானாக!