சூரியனை மீட்டர் கோலால் அளந்தவர்: யார் இந்த ஆங்ஸ்ட்ரோம்?

இன்டெல் நிறுவனத்தின் புதிய சிப் தொழில்நுட்பத்துக்குப் பெயர் '18ஏ'. அந்த 'ஏ' என்பது ஆங்ஸ்ட்ரோம் என்ற நீள அலகைக் குறிக்கிறது. (சிப்புக்குள் எதையும் ஸ்கேல் வைத்துத் தேடாதீங்க, அது வெறும் விற்பனைப் பெயர்.) ஒரு மீட்டரை ஆயிரம் கோடித் துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டுதான் ஒரு ஆங்ஸ்ட்ரோம். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

பெயருக்குச் சொந்தக்காரரான ஆண்டர்ஸ் யோனாஸ் ஆங்ஸ்ட்ரோம், 1814-ல் ஸ்வீடனில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கேயே 1858-ல் இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

அவருக்குப் பிடித்தது ஒளி. சூரிய ஒளியை வண்ணங்களாகப் பிரித்தால், நடுநடுவே கருப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில கோடுகளை விட்டுச் செல்லும், கைரேகை மாதிரி. அதை வைத்து, 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூரியனில் ஹைட்ரஜன் இருப்பதை 1862-ல் அறிவித்தார்.

1868-ல் சூரிய ஒளியின் சுமார் ஆயிரம் கோடுகளுக்கு அலைநீளம் அளந்து அட்டவணை போட்டார். மீட்டரில் எழுதினால் 0.00000065621 என்று வரும். சுழியங்களை எண்ணுவதற்குள் தலை சுற்றிவிடும். அதனால் மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்துக்கொண்டார். அதே எண் 6562.1 ஆனது. மற்ற விஞ்ஞானிகள் அந்த அலகுக்குப் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அலைநீளத்தை நேரடியாக அளக்க முடியாது. நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடி வழியே ஒளியை அனுப்பி, அது எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டும். கூடவே, கீறல்களுக்கு இடையே உள்ள தூரமும் தெரிய வேண்டும். கண்ணாடியில் கீறல்கள் உள்ள பகுதியின் மொத்த அகலத்தைக் கீறல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். அந்த அகலத்தின் கணக்கு கடைசியில் போய் நிற்பது ஒரு உலோக மீட்டர் கோலில். கோல் தப்பு என்றால் ஆயிரம் எண்களும் தப்பு.

கோல் தப்பாகத்தான் இருந்தது. ஆங்ஸ்ட்ரோம் அலட்சியமானவர் இல்லை. பாரிஸில் இருந்த மீட்டரோடு ஒப்பிடவும் ஏற்பாடு செய்தார். அந்த ஒப்பீட்டிலேயே பிழை. அதை நம்பித் திருத்தியதில் எண்கள் இன்னும் விலகிப்போயின. 1874-ல் அவர் இறந்தார். அவரோடு வேலை பார்த்த தாலேன், சரிசெய்த விவரத்தை 1884-ல்தான் வெளியிட்டார். விலகல் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இந்தத் துறையில் அது பெரிய ஓட்டை.

வேடிக்கை என்னவென்றால், 1885-ல் சுவிட்சர்லாந்து பள்ளி ஆசிரியர் பால்மர், ஆங்ஸ்ட்ரோம் அளந்த நான்கு ஹைட்ரஜன் கோடுகளை வைத்தே தன் புகழ்பெற்ற சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். எப்படி முடிந்தது? நான்கு எண்களும் ஒரே விகிதத்தில் பிசகியிருந்தன. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் பிசகு அடிபட்டுப்போகும், 9/5, 4/3 போன்ற பின்னங்கள் அப்படியே நிற்கும். 1913-ல் போர் தன் அணு மாதிரியால் விளக்கியது இந்தச் சூத்திரத்தைத்தான்.