‘ஸ்டார் வார்ஸ்’னாலே கடுப்பான நடிகர்!

‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) படத்துல நம்ம நீலகிரி மலை ரயில் வருமே... பூஜையில் நேரமாகி, கதையில் அந்த ரயிலைத் தவறவிடும் பேராசிரியர் காட்போலேதான் அலெக் கின்னஸ். 1914-ல் லண்டனில் பிறந்தவர்.

‘நவராத்திரி’யில் சிவாஜி ஒன்பது வேடம் போடுவதற்கு 15 வருஷம் முன்பே, ஒரே படத்தில் எட்டு வேடம் கட்டியவர். இலங்கையில் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்.

ஆனா, உலகம் கொண்டாடியது ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) ஓபி-வானை! அந்த வசனங்களே அவருக்குப் பிடிக்கலை. இத்தனைக்கும், கடைசிவரை அவரை வசதியா வெச்சிருந்தது அந்தப் படத்தின் லாபப் பங்குதான்.

படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்த சிறுவனிடம், இனிமே பார்க்காதேன்னு கேட்டுக்கிட்டார். பையன் அழுதுட்டான்.

2000-ல் மறைந்தார் கின்னஸ். படத்துக்குப் படம் முகம் மாத்துன கலைஞனை ஒரே முகத்துக்குள்ள அடைச்சா வலிக்காதா, என்ன?