ஒருவரை நம்பி நின்ற பல்கலைக்கழகம்

துணைவேந்தர் நியமனம் குறித்த செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அந்த நீண்ட காலத்தை வியந்து பேசுவோர் பலர். அவர் அப்பதவிக்கு வந்த வழியையும், அவர் விலகிய பின் நேர்ந்ததையும் எண்ணிப் பார்ப்பதே நமக்குப் பயன் தரும் என்பது என் கருத்து.

1887-இல் கர்நூலில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்த ஆற்காடு ராமசாமி முதலியார் அரசியலிலும் நிர்வாகத்திலும் புகழ் பெற்றார். இவரோ மருத்துவம் பயின்று, மகப்பேறு மருத்துவராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். 1939-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். மகப்பேறு மருத்துவம் குறித்து அவர் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டியது. நோயாளிகளிடமும் மாணவர்களிடமும் பல்லாண்டு பெற்ற அனுபவத்துடன்தான் அவர் துணைவேந்தரானார்.

1857-இல் தொடங்கப்பட்டபோது, சென்னைப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. அதை ஆராய்ச்சிக்கூடமாக வளர்த்ததில் முதலியாரின் பங்கு பெரிது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. 1952-இல் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடிய முதலியார், முதலில் அணுகியது சர் சி.வி. ராமனை. ராமன் தம் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். முப்பது வயதையொட்டிய அந்த இளைஞரிடம் ஒரு துறையையே ஒப்படைக்க முதலியார் தயங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பு சென்னையிலிருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க இன்றும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வெளிவந்தது.

இடைநிலைக் கல்வி ஆணையத்தின் தலைமை, உலக சுகாதார நிறுவனத்தின் உயர் பொறுப்புகள் எனப் பல பணிகள் இருந்தபோதும், தகுதியானவரைத் தேடிப் பிடித்து, அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பதைத் துணைவேந்தரின் முதற்கடமையாக அவர் கொண்டிருந்தார் என்றே கருதுகிறேன்.

1969-இல் முதலியாரின் பதவிக்காலம் முடிந்தது. மறு ஆண்டே ராமச்சந்திரன் சென்னையை விட்டு வெளியேறினார்; பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் புதிய துறையொன்றை நிறுவினார். ஒருவர் போனதும் இன்னொருவரும் போனார் என்று இதைக் கடந்துவிட என்னால் இயலவில்லை. திறமையைப் போற்றும் வழக்கம் பல்கலைக்கழகத்தின் விதிகளிலும் மரபிலும் வேரூன்றாமல், பெரிதும் ஒரு மனிதரின் உள்ளத்தில் மட்டும் இருந்ததோ என்ற ஐயம் எழுகிறது.

எவரும் 27 ஆண்டுகள் ஒரே பதவியில் இருப்பது இன்று விரும்பத்தக்கதன்று. அதே வேளையில், மூன்றாண்டுப் பதவிக்காலமும், அதற்கிடையே மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் நாற்காலியும் எந்த ராமச்சந்திரனையும் கொண்டுவந்து சேர்க்கப் போவதில்லை. வகுப்பறையிலும் ஆய்விலும் தேர்ந்தவர் துணைவேந்தராக வேண்டும். அவர் விலகிய பின்னும் நல்லாசிரியர்கள் தங்கியிருக்கும் சூழல் வேண்டும். முதலியார் 1974-இல் மறைந்தார். அவரைப் போற்றுவோர் இந்த இரண்டாவது தேவையையும் மறவாதிருப்பது நன்று.