ஆன்செல் ஆடம்ஸ்

ஆன்செல் ஈஸ்டன் ஆடம்ஸ் (பெப்ரவரி 20, 1902 – ஏப்ரல் 22, 1984) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் இயற்கைப் பாதுகாப்பாளரும் ஆவார். மலைகளையும் பசிபிக் கடற்கரையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்த நிலத்தோற்றப் படங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

சான் பிரான்சிஸ்கோவில், கோல்டன் கேட் நீரிணையை நோக்கிய வீட்டில் ஆடம்ஸ் வளர்ந்தார். 1906 நிலநடுக்கத்தின் பின்னதிர்வில் தோட்டச் சுவரில் மோதி உடைந்த இவரது மூக்கு இறுதிவரை கோணலாகவே இருந்தது. பியானோ கலைஞராவதே இவரது நோக்கமாக இருந்தது. 1916 இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குப் பெற்றோருடன் சென்றபோது கிடைத்த கோடாக் பிரவுனி பெட்டிக் கேமரா அந்நோக்கத்தை மெல்ல மாற்றியது. 1919 இல் சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் சேர்ந்தார்.

ஒளிப்படக்கலை

1927 ஏப்ரலில் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்க மலையேறினார். கண்ணாடித் தகடுகளில் இரண்டே எஞ்சியிருந்தன. ஒன்றை மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்த பின், தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வராது எனக் கருதி, கடைசித் தகட்டிற்கு அடர்சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதால் வானம் ஏறத்தாழக் கருமையாகப் பதிந்தது. படம் எப்படி அமைய வேண்டும் என்பதை எடுக்கும் முன்பே மனத்தில் காணும் இம்முறை அவரது பணி முழுவதற்கும் அடிப்படையாயிற்று. 1940 ஐ ஒட்டி பிரெட் ஆர்ச்சருடன் இணைந்து வகுத்த சோன் முறையும் இதன் தொடர்ச்சியே. காட்சியின் ஒளி அளவுகளைக் கருமை முதல் வெண்மை வரை எண்ணிட்ட படிகளாகப் பிரித்து, அதற்கேற்ப ஒளிபடு நேரத்தையும் நெகட்டிவைக் கழுவும் நேரத்தையும் அது முடிவு செய்கிறது.

1932 இல் எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோருடன் எஃப்/64 குழுவைத் தொடங்கினார். லென்சின் மிகச் சிறிய திறப்பைக் குறிக்கும் இப்பெயர், அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருங்கே தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற அவர்களது கொள்கையைச் சுட்டியது.

1940 இல் சான் மட்டேயோ மாவட்டக் கடற்கரையில், பாறை விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, கரையில் நுரை வரையும் கோடுகளை ஐந்து படங்களாக எடுத்தார். மணல் மாறவில்லை, அலை மட்டுமே மாறுகிறது. இவரது மலைப் படங்களின் புகழில் இத்தொடர் சற்று மறைந்துவிட்டது எனலாம்.

1958 இல் வடக்கு நியூ மெக்சிகோவின் மலைகளில் இலையுதிர்கால ஆஸ்பென் மரங்களை எடுத்தார். அப்பருவத்தின் சிறப்பே நிறம்தான். எலியட் போர்ட்டர் போன்ற சமகாலத்தவர் அதை வண்ணத்திலேயே பதிந்தனர். ஆடம்சோ மஞ்சள் இலைகளை இருண்ட காட்டின் முன் வெண்ணிற ஒளியாக்கினார். நேரடி வெயிலே இல்லாத நிழலில் எடுத்த இப்படத்தை வெயிலில் எடுத்ததாகவே பலரும் எண்ணுகின்றனர்.

பொதுப்பணியும் விமர்சனமும்

பொருளாதாரப் பெருமந்த காலத்தில் மக்கள் வாடியபோது இவர் பாறைகளைப் படமெடுத்துக் கொண்டிருந்தார் என்ற குறை கூறப்பட்டது. இது முழுதும் நியாயமன்று. 1938 இல் வெளியிட்ட சியரா நெவாடா படநூல், 1940 இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமையத் துணைநின்றது. 1943 இல் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கரைப் படமெடுத்து மறுஆண்டு நூலாக்கினார். போர்க்காலத்தில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது.

1934 முதல் 1971 வரை சியரா கிளப்பின் இயக்குநர் குழுவில் இருந்தார். நிப்போமோ மணற்குன்றுகளைக் காக்கும் பொருட்டு, அணுமின் நிலையம் டயப்லோ கேன்யன் கடற்கரையில் அமைவதை 1966 இல் அக்குழு ஏற்றது. ஆடம்ஸ் இம்முடிவை ஆதரித்தார். இதனை எதிர்த்த நெடுநாள் நண்பர் டேவிட் பிரோவருடன் பகை மூண்டது. 1969 இல் பிரோவர் பதவி விலகினார்.

இறுதிக்காலம்

1962 முதல் கார்மல் ஹைலண்ட்சில் கடலை நோக்கிய வீட்டில் வாழ்ந்த ஆடம்ஸ், 1984 இல் மான்டரே நகரில் காலமானார். மறுஆண்டு சியரா நெவாடாவின் சிகரம் ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.