செவி இழந்தும் இசை இழவாத பீத்தோவன்

ஐம்பொறிகளுள் கண்ணின் அருமையை எல்லாரும் அறிவர். செவியின் அருமையை அதனை இழந்தாரே அறிவர். கண்ணிழந்தாரைக் கண்டு இரங்கும் உலகம் காது மந்தமானாரைக் கண்டு நகையாடுகின்றது. ஆதலின் அக்குறையுடையார் அதனை மறைக்க முயல்கின்றனர். அங்ஙனம் மறைத்து வருந்தி, பின்னர் மறைப்பு நீங்கி உலகம் வியக்க நின்ற ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஜெர்மனி தேசத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில், 1770ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லுட்விக் வான் பீத்தோவன் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அந்நகரத்து அரசவையில் இசைத்தொழில் புரிந்தவர்கள். தந்தையார் மிகக் கடுமையுடன் மகனைப் பயிற்றினார். ஏழாம் வயதிலேயே சிறுவன் கொலோன் நகரில் பலர் முன்னிலையில் வாசித்தான். 1792இல் பீத்தோவன் வியன்னா மாநகர் புகுந்து, ஹைடன் என்னும் இசைப்பேராசிரியரிடம் பயின்று, சில ஆண்டுகளுள் பிரபுக்களின் மாளிகைதோறும் போற்றப்பெற்றார்.

1798ஆம் ஆண்டளவில் அவர் செவிகளுள் இரைச்சலும் ரீங்காரமும் தோன்றி, இரவும் பகலும் ஓயாது ஒலிக்கலாயின. புறத்தே ஒலியின்றி அகத்தே கேட்கும் இதனைச் செவியிரைச்சல் என்பர். மேனாட்டு வைத்தியர் டின்னிடஸ் என வழங்குவர். 1801 ஜூன் மாதத்தில், இளமை நண்பரும் வைத்தியருமாகிய வேகெலருக்கு வரைந்த நிருபத்தில் தம் நிலையை மனந்திறந்து கூறினார். நாடகசாலையில் மேடையை ஒட்டி அமர்ந்தாலன்றி நடிகர் மொழி விளங்குவதில்லை. உயர்ந்த சுரங்கள் எட்டுவதில்லை. மெல்லப் பேசுவாரது குரல் கேட்பினும் சொல் புலப்படுவதில்லை. எவரேனும் உரத்துக் கூவினாலோ பொறுக்கவொண்ணா வேதனை. இசைவாணனுக்குச் செவி மந்தம் என்று சொல்ல நாணி, இரண்டாண்டுகளாகக் கூட்டங்களை விலக்கி வந்தார். பழகினவர்களோ அவரை மறதியுடையவர் என்றே எண்ணினர்.

இவ்வறிகுறிகளை இக்காலத்து உடற்கூற்று நூல் விளக்குகின்றது. உட்செவியில் நத்தைக்கூட்டை ஒத்த உறுப்பு ஒன்று உளது. அதனுள் ஏறக்குறைய 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்பிற்குரிய குறிப்பாக மாற்றுகின்றன. உயர்ந்த சுரங்களுக்குரியவை வாயிலருகே அமைந்திருத்தலின், பெரும்பாலும் அவையே முதலிற் சிதைகின்றன. அப்போது மெய்யெழுத்துக்களின் மெல்லிய ஒலி மறைந்து, உயிரெழுத்தின் ஓசையே எஞ்சும். குரல் கேட்டும் சொல் விளங்காமை இதனாலேயாம். சிதைந்த உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. வரவேண்டிய ஒலி குறையவே, அதனை ஈடுசெய்ய மூளை தன் கூர்மையைப் பெருக்குகின்றது. அதுவே இரைச்சலாகத் தோன்றுகின்றது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

பீத்தோவன் நாடாத வைத்தியரில்லை. ஒருவர் வாதுமை எண்ணெயைச் செவியில் இடுவித்தார். மற்றொருவர் டான்யூப் நதியின் வெதுவெதுப்பான நீரில் முழுக்காட்டி, கைகளில் மரப்பட்டையைக் கட்டுவித்தார். இரைச்சல் நீங்கவில்லை. ஷ்மித் என்னும் வைத்தியர் அமைதியான இடத்தை நாடுமாறு பணிக்க, 1802இல் ஹைலிகன்ஷ்டாட் என்னும் சிற்றூரிற் போய்த் தங்கினார். அங்கே தொலைவில் ஆயன் ஊதிய குழலோசையை உடன் நின்றவர் கேட்டார். இவர் செவிக்கு ஏதும் எட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணிய அவர், தம்முள் உறையும் இசையனைத்தையும் உலகிற்கு அளியாது இறத்தல் தகாது என்று தேறினார். இத்துயரையெல்லாம் அவ்வாண்டு அக்டோபரில் தம்பியர் இருவருக்கும் மடலாக எழுதினார்; அம்மடலோ அவர் இறந்த பின்னரே அவருடைய தாள்களிடையே கண்டெடுக்கப்பெற்றது.

நான்காண்டுகள் கழிந்தன. 1806இல் தம் இசைக்குறிப்பு ஒன்றில், செவிக்குறையை இனி மறைப்பதில்லை, கலையிலும் மறைப்பதில்லை என்னும் கருத்தைத் தமக்குத்தாமே எழுதிவைத்தார். அவர் வாழ்க்கையின் திருப்பம் இதுவே எனலாம். 1808 டிசம்பரில் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள் அரங்கேறின. 1809இல் பிரெஞ்சுப் படை வியன்னாவைப் பீரங்கிகளால் தாக்கியபோது, தம்பியின் வீட்டு நிலவறையில் தலையணைகளால் செவிகளைப் பொத்தி, எஞ்சிய கேள்வியைக் காத்தார். மெல்ட்சல் செய்தளித்த செவிக்குழல்களைப் பலரறியப் பயன்படுத்தினார். 1818 முதல், காண வந்தவர்கள் தாம் கூற வேண்டுவதை ஏட்டில் எழுதிக்காட்டினர். 1824 மே 7ஆம் நாள் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. அவையோரின் ஆரவாரம் கேளாது முதுகுகாட்டி நின்றவரைப் பாடகியொருத்தி திருப்பிவிட்ட பின்னரே, அசையும் கைகளைக் கண்டு அவர் வணங்கினார் என்பர்.

1827 மார்ச் 26ஆம் நாள் அவர் மறைந்தார். உடலை ஆராய்ந்தோர் கேள்வி நரம்புகள் மெலிந்திருக்கக் கண்டனர். 2023இல் வெளிவந்த அவர் தலைமயிரின் மரபணு ஆராய்ச்சியும், செவிட்டுத்தன்மைக்குத் துணிந்த காரணத்தைக் காட்டவில்லை.

அவர் நோயின் காரணம் புலப்படாதாயினும், நம் செவியைக் கெடுப்பன பல வெளிப்படையானவை. அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய வானம் பார்த்த பூமியிலிருந்து பயில வந்துள்ள அன்பர்கள் இதனை நன்குணர்வர். மழை பொய்த்த காலத்து அங்குள்ளார்க்குச் சோறளிப்பன விசைத்தறியும் நூற்பாலையும் அன்றோ? நாள்முழுதும் அவ்விரைச்சலில் நிற்போர், அம்மன் பொங்கலில் குழாய் ஒலிபெருக்கியின் முன் அமர்வோர், இரவெல்லாம் காதிற் கருவியைச் செருகிப் பாட்டுக் கேட்போர் ஆகிய அனைவர்க்கும் விதி ஒன்றே. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேலும், 100 டெசிபெல் ஒலியைக் கால் மணி நேரத்திற்கு மேலும் கேட்டல் தீங்கு. ஆலையிலுள்ளார் பஞ்சை நம்பாது, தக்க செவியடைப்பான் அணிக.

காதில் இரைச்சல் என்றவுடன் எண்ணெய் காய்ச்சி ஊற்றுதலும் கோழியிறகாற் குடைதலும் கூடா. செவியழுக்கோ, சீழோ, உண்ட மருந்தோ காரணமாயின், வைத்தியர் கண்டு ஆவன செய்வர். திடீரெனச் செவி கேளாது போயினும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் எழினும், நாடித்துடிப்போடு ஒத்து ஒலிப்பினும், தலைசுற்றல் சேரினும், தாமதியாது செல்க. நெடுநாள் இரைச்சலை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் கேட்புக்கருவியும் மனப்பயிற்சியும் துயரைப் பெரிதும் தணிக்கும். கரிசற்காட்டின் நள்ளிரவு அமைதியில் இரைச்சல் பெருகித் தோன்றும். மின்விசிறியின் மெல்லொலி அப்போது துணையாகும்.

நம் இல்லத்து முதியோர் இருமுறை வினவின் சினவாது, முகம் நோக்கி நிதானமாக மறுமொழி கூறுவோமாக. நகைப்பார் இல்லாத வீட்டில் செவிக்குறையை மறைப்பாரும் இலர். மறையாத நோய்க்கே உரிய காலத்தில் உதவி கிட்டும்.