விலகி நின்ற தாய்

1893 நவம்பரில் கொழும்பிலிருந்து மன்னார் வளைகுடாவைக் கடந்து தூத்துக்குடியில் இறங்கிய அன்னி பெசன்ட் அம்மையாருக்கு அகவை 46. சொல்லாற்றலால் உலகறிந்த அப்பெருமாட்டி, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் மகளைப் பறிகொடுத்தவர் என்பதைக் கரையில் வரவேற்றவருள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

பாதிரியாரான கணவரை 1873-இல் பிரிந்தபோது மகன் டிக்பி தந்தையிடமும், மகள் மேபல் தாயிடமும் வளர்வதென முடிவாயிற்று. அம்மையாரின் நாத்திகமும், கருத்தடை நூலை அவர் வெளியிட்டதும் குற்றமாகக் காட்டப்பட்டன. 1878-இல், எட்டு வயது நிரம்பாத மேபலும் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டாள். பின்னர் மக்களைக் காணும் உரிமை கிடைத்தது. ஆயினும், ஒவ்வொரு சந்திப்பும் பிஞ்சு உள்ளங்களைக் கலக்குவது கண்டு, அவர்கள் வளரும்வரை காண்பதில்லை என ஒதுங்கினார். நம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியச் சொன்ன ஸ்டோயிக் ஞானி எபிக்டெட்டஸின் நெறிக்கு இதனினும் கடிய சோதனை ஏது? வளர்ந்த பின் இருவரும் தாமாகவே தாயிடம் வந்தனர்.

1912-இல் காட்சி மாறிற்று. அம்மையாரின் பாதுகாப்பில் இருந்த கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தர் ஆகிய தம் மைந்தரைத் திரும்பக் கேட்டு நாராயணய்யா வழக்குத் தொடுத்தார். அம்மையார் தாமே வாதாடினார்; சென்னையில் தோற்றார்; 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் வென்றார். முன்பு தாம் நின்ற இடத்தில் ஒரு தந்தை நிற்க, இம்முறை அவர் விலகவில்லை.