15 வயதில் லிஸ்பன் போன பையன்



நம்ம பள்ளி வருகைப் பதிவேட்டில் பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ என்று எத்தனை பெயர்கள்! இந்தப் போர்த்துக்கீசியப் பெயர்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கு எப்படி வந்தன? உடனே புனித சவேரியார் என்பீர்கள். அவர் வந்தது 1542-இல்தான். அதற்கு முன்பே இதற்கு வழி திறந்தவர் ஜான் த குரூஸ். அவர் கதையைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

அவர் பிறந்த ஊர் கோழிக்கோடு. 1513-இல், சுமார் 15 வயதில், சாமூதிரி மன்னர் அவரைப் போர்த்துக்கல் நாட்டுக்கு அனுப்பினார். நம்ம பத்தாம் வகுப்பு வயசுதான்! பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பல மாதப் பயணம். லிஸ்பனில் மன்னர் மனுவேலின் ஆதரவில் அந்த மொழியைப் படிக்கவும் எழுதவும் கற்றார். அங்கேதான் கிறிஸ்தவரானார். ஜான் த குரூஸ் என்ற பெயரும் அப்போது வைத்ததுதான். வீரப் பட்டமும் கிடைத்தது.

ஊர் திரும்பினால் எல்லாம் மாறிவிட்டது. சாமூதிரியின் தயவு போயிற்று. ஊராருக்கு அவர் பறங்கி. பறங்கிகளுக்கோ அவர் மலையாளத்துக்காரர். வியாபாரத்திலும் கடன்பட்டார்.

1535 வாக்கில் குதிரை விற்கக் குமரிமுனைப் பக்கம் வந்தார். அப்போது முத்துக்குளிப்பு யார் கையில் என்பதில் பெரும் சண்டை. பரதவ மக்கள் உயிருக்கும் தொழிலுக்கும் பயந்து வாழ்ந்தார்கள். போர்த்துக்கீசியரிடம் உதவி கேளுங்கள், அவர்கள் மதத்தில் சேருங்கள் என்று அவர் யோசனை சொன்னார். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1536, 1537-இல் ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் கிறிஸ்தவரானார்கள். கடலில் பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு விலையாகப் போர்த்துக்கீசியர் வரியும் வாங்கினார்கள்.

அவர் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எங்க பெரியம்மா மகன் பிளஸ் டூ முடித்து மருத்துவம் படிக்க வெளிநாடு போனார். லீவுக்கு வந்தால், பேச்சே மாறிப்போச்சு என்று தெருவில் கேலி செய்கிறார்கள். அங்கேயோ அவர் வெளிநாட்டுக்காரர். ஜான் த குரூஸுக்கும் இதே நிலைமைதானே? ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்த அவரால்தான் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க முடிந்தது. அது நல்லதா கெட்டதா என்று பெரியவர்கள் விவாதிக்கட்டும். வெளியூர் போய் வந்தவரை அந்நியராகப் பார்க்காமல், அவர் கற்றுவந்ததை நாம் கேட்போமே!

சிந்திப்போம் நண்பர்களே!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு